மலேசியப் பன்றிப் பண்ணைகளில் நிப்பாத் தொற்றும் அதன் கட்டுப்பாடும் (1998–1999)

ஆய்வுச் சுருக்கம்

1998 செப்டம்பர் முதல் 1999 மே வரை மலேசியத் தீபகற்பத்தின் பன்றிப் பண்ணைகளை மையமாகக் கொண்டு பரவிய மூளையழற்சி நோய் 265 பேரைத் தாக்கியது. அவர்களுள் 105 பேர் உயிரிழந்தனர். தொடக்கத்தில் அந்நோய் ஜப்பானிய மூளையழற்சி எனக் கொள்ளப்பட்டது. அதனால் கட்டுப்பாட்டு நடவடிக்கைகள் கொசுவை நோக்கியே அமைந்தன. பன்றிகளின் இடப்பெயர்வு தடைப்படவில்லை. அக்கணிப்பு ஐந்து மாதங்களுக்கு மேல் நிலைபெற்றதற்கான காரணங்களையும், அது திருத்தப்பட்ட பின் மேற்கொள்ளப்பட்ட அழிப்பு, பரிசோதனை ஆகியவற்றின் இயல்பையும் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நிப்பாத் தீநுண்மி, பன்றி வளர்ப்பு, ஜப்பானிய மூளையழற்சி, புக்கிட் பெலாண்டோக், கால்நடை நோய்க் கட்டுப்பாடு, மலேசிய வரலாறு.

முன்னுரை

ஒரு கொள்ளைநோயின் வரலாறு பெரும்பாலும் அந்நோயின் காரணி கண்டறியப்பட்ட நாளிலிருந்து பின்னோக்கி எழுதப்படுகிறது. அவ்வாறு எழுதும்போது, அந்நாளுக்கு முன் செய்யப்பட்டவை அனைத்தும் அறியாமை என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. மலேசியாவில் 1998–1999இல் நிகழ்ந்த நிப்பாத் தொற்றைப் பற்றிய எழுத்துகளிலும் இப்போக்கைக் காணலாம். ஆயினும் அம்மாதங்களில் சுகாதார அதிகாரிகள் செயலற்றிருக்கவில்லை. புகையடித்தனர், தடுப்பூசி இட்டனர், ஆய்வுக்கூடங்களுக்கு மாதிரிகளை அனுப்பினர். அவர்கள் செயற்பட்டது வேறொரு நோய்க்கு எதிராக என்பதே சிக்கல். அந்த வேறொரு நோய் இருந்ததற்கான சான்றும் அவர்கள் கையில் இருந்தது என்பதே இவ்வரலாற்றின் கவனத்திற்குரிய பகுதி.

பன்றி வளர்ப்பின் விரிவு

தொற்றுக்கு முன் மலேசியத் தீபகற்பத்தில் 1,885 பண்ணைகளில் ஏறத்தாழ 24 இலட்சம் பன்றிகள் வளர்க்கப்பட்டன. இசுலாமியர் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் இத்தொழில் ஏறக்குறைய முழுவதும் சீனக் குடும்பங்களின் கையில் இருந்தது. பண்ணைக் கூலிகளாக இந்திய வம்சாவளியினரும் பணியாற்றினர். உள்நாட்டுச் சீனரின் தேவையோடு சிங்கப்பூரின் தேவையும் இத்தொழிலை வளர்த்தது. சிங்கப்பூர் அரசு தன் பன்றிப் பண்ணைகளைப் படிப்படியாக மூடும் கொள்கையை 1984இல் அறிவித்திருந்தது. நிலமும் நீரும் குறைந்த அத்தீவு தான் கைவிட்ட தொழிலின் விளைபொருளை எல்லைக்கு அப்பாலிருந்து பெற்றுக்கொண்டது.

இவ்வளர்ச்சியின் வடிவம் நோயின் பரவலுக்கு நேரடித் தொடர்புடையது. வீட்டின் பின்புறம் சில பன்றிகளை வைத்திருந்த பழைய முறைக்குப் பக்கத்திலேயே ஆயிரக்கணக்கில் வளர்க்கும் வணிகப் பண்ணைகள் தோன்றின. பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு அருகிலுள்ள தம்பூன் வட்டாரத்தில், நோயின் தொடக்க இடமாகப் பின்னர் அடையாளம் காணப்பட்ட பண்ணையில் 30,000க்கு மேற்பட்ட பன்றிகள் இருந்தன. கொட்டில்களை ஒட்டியே மாமரங்களும் பிற பழமரங்களும் நின்றன. உழவர் நோக்கில் இது சிக்கனமான ஏற்பாடு: ஒரே நிலத்தில் இரு வருவாய். நெகிரி செம்பிலான் மாநிலத்தின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா, கம்போங் சாவா ஆகிய ஊர்கள் இணைந்த பகுதி நாட்டின் மிக அடர்ந்த பன்றி வளர்ப்பு வட்டாரங்களுள் ஒன்றாக இருந்தது. அங்குக் கொட்டிலுக்கும் வீட்டுக்கும் இடையில் பெரிய தொலைவில்லை.

தம்பூனுக்கும் புக்கிட் பெலாண்டோக்குக்கும் இடையே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தொலைவுண்டு. ஆனால் பன்றி வணிகத்தில் இவ்விரு இடங்களும் அண்டை ஊர்களே. குட்டிகளை ஓரிடத்தில் ஈனச்செய்து மற்றோரிடத்தில் கொழுக்கச்செய்வதும், விலைக்கேற்ப மந்தைகளை மாநிலம் கடந்து விற்பதும் வழக்கமாக இருந்தன. லாரிகளின் ஓட்டமே தொழிலின் உயிரோட்டமாக இருந்தது.

கொசுவைக் குற்றவாளியாக்கிய சான்று

1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா மாவட்டத்துப் பன்றி வளர்ப்போரிடையே காய்ச்சல், தலைவலி, உணர்விழப்பு ஆகிய அறிகுறிகளுடன் நோயாளர் தோன்றினர். பன்றி வளர்ப்பு வட்டாரத்தில் மூளையழற்சி என்றவுடன் மருத்துவர் நினைவில் முதலில் எழுவது ஜப்பானிய மூளையழற்சிதான். அத்தீநுண்மி பன்றியின் குருதியில் பெருகுகிறது. பன்றியைக் கடித்த கியூலெக்ஸ் கொசு அதை மனிதருக்குக் கொண்டுவருகிறது. மலேசியாவில் 1974இல் லங்காவியிலும், 1988இல் பினாங்கிலும், 1992இல் சரவாக்கின் செரியானிலும் அது பரவியிருந்தது. ஆகவே ஊகத்திற்கு முன்னுதாரணம் இருந்தது.

ஊகத்திற்கு வலுச்சேர்க்கும் ஆய்வுக்கூட முடிவும் கிடைத்தது. ஜப்பானின் நாகசாகிப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பப்பட்ட 28 நோயாளரின் குருதி மாதிரிகளில் 4 மாதிரிகள் ஜப்பானிய மூளையழற்சிக்கான அண்மைக்கால எதிர்ப்பொருளைக் காட்டின. இம்முடிவு பொய்யன்று. அந்நோய் நிலைகொண்டுள்ள நாட்டில், பன்றிகளுக்கும் கொசுக்களுக்கும் நடுவில் வாழ்வோரில் சிலரிடம் அவ்வெதிர்ப்பொருள் இருப்பது இயல்பு. ஆனால் எஞ்சிய 24 மாதிரிகள் என்ன கூறின என்ற வினா அழுத்தமாக எழுப்பப்படவில்லை. இருப்பதாகக் காட்டிய நான்கு, இல்லையென்று காட்டிய இருபத்து நான்கைவிடக் கனமாகிவிட்டன. பிழையின் தோற்றுவாயை அறியாமையில் தேடுவதைவிட இந்த எடையிடலில் தேடுவதே பொருந்தும்.

கணிப்பு உறுதியானதும் நடவடிக்கைகள் அதன் தருக்கப்படி தொடர்ந்தன. பண்ணைகளிலும் குடியிருப்புகளிலும் கொசுப்புகை அடிக்கப்பட்டது; மக்களுக்கும் பன்றிகளுக்கும் ஜப்பானிய மூளையழற்சித் தடுப்பூசி போடப்பட்டது. கொசுவே கடத்தி எனில் பன்றியின் இடப்பெயர்வைத் தடுப்பதற்கு அவசரமில்லை. கொசு எல்லா ஊரிலும் உண்டு. இதனிடையே, நோய் கண்ட வட்டாரத்து வளர்ப்போர் இழப்புக்கு அஞ்சித் தம் மந்தைகளைக் குறைந்த விலைக்கு விற்றனர். பொருளியல் நோக்கில் அது புரிந்துகொள்ளத்தக்க முடிவு. சட்டத் தடையும் அப்போது இல்லை. பேராக்கிலிருந்து தெற்கே சென்ற பன்றிகளோடு நோயும் சென்றது. 1998 டிசம்பரில் நெகிரி செம்பிலானின் சிரம்பானை அடுத்த சிக்காமட்டிலும், பின்னர்ப் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்திலும் நோயாளர் தோன்றினர். மனித உயிரிழப்பின் பெரும்பகுதி இந்த இறுதி வட்டாரத்திலேயே நிகழ்ந்தது.

பொருந்தாதவை

பொருந்தாத செய்திகள் தொடக்கத்திலிருந்தே கண்முன் இருந்தன. ஜப்பானிய மூளையழற்சி முதன்மையாகச் சிறுவரைத் தாக்குவது. இங்கு நோயுற்றோர் உழைக்கும் வயதினரான ஆண்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1999 பிப்ரவரி முதல் ஜூன் வரை சிகிச்சை பெற்ற 94 நோயாளரின் சராசரி வயது 37. ஒரு பெண்ணுக்கு நான்கரை ஆண்கள் என்ற விகிதம். அவர்களுள் 93 விழுக்காட்டினர் பன்றிகளுடன் நேரடித் தொடர்பு கொண்டவர்கள். தடுப்பூசி இட்டுக்கொண்டவர்களும் நோயுற்றனர். ஒரே வீட்டில் பலர் அடுத்தடுத்து வீழ்ந்தனர். கொசுவால் பரவும் மூளையழற்சியில் தொற்றுக்கு உள்ளாவோரில் மிகச் சிலருக்கே நோய் வெளிப்படும் என்பதால், ஒரு வீட்டில் இவ்வாறு நிகழ்வது அரிது.

இவற்றுள் மிக எளியதும் மிக வலியதுமான சான்று மக்கள்தொகைப் பரம்பலில் கிடந்தது. நோயாளரில் பெரும்பான்மையினர் சீனர். பண்ணைகளில் உழைத்த இந்திய வம்சாவளியினரும் இருந்தனர். அதே வட்டாரத்தில் வாழ்ந்த மலாய்க்காரர்கள் ஏறத்தாழ முற்றிலும் தப்பினர். கொசு சமயம் பார்த்துக் கடிப்பதில்லை. சமயத்தால் பன்றியைத் தீண்டாத மக்கள் நோயிலிருந்தும் விலகி நின்றனர் என்றால், நோயின் வழி காற்றில் பறப்பதன்று, கையால் தொடுவது என்பது ஊரார் அறியத்தக்க செய்தி. பண்ணையாளர்கள் இதைக் கண்டிருந்தனர். புகையடிப்பால் பயனில்லை என்றும் கூறினர். ஆனால் நோயியல் சான்றாக அது மதிப்புப் பெறச் சில மாதங்கள் ஆயின.

பன்றிகளும் நோயுற்றிருந்தன. ஜப்பானிய மூளையழற்சி வளர்ந்த பன்றியைப் பொதுவாக நோயுறச் செய்வதில்லை. சினைப் பன்றியில் கருச்சிதைவையே ஏற்படுத்தும். இங்கோ வளரும் பன்றிகள் தொலைவிலும் கேட்கும்படி குரைப்பது போல் இருமின. தாய்ப்பன்றிகளும் கிடாப்பன்றிகளும் நடுங்கித் தள்ளாடித் திடீரெனச் செத்தன. எனினும் பன்றி மந்தைகளில் சுவாச நோய் புதிதன்று. ஒரு பண்ணையில் நோய் ஏறக்குறைய எல்லாப் பன்றிகளுக்கும் பரவினாலும் இறப்பு 5 விழுக்காட்டைத் தாண்டவில்லை. பன்றிகள் கூட்டமாக மடிந்திருந்தால் கால்நடைத் துறை முன்பே எச்சரிக்கையுற்றிருக்கும். மனிதரில் பத்தில் நான்கு பேரைக் கொன்ற தீநுண்மி பன்றியிடம் இருமலாக மறைந்திருந்தது. மனித நோய் மருத்துவமனைப் பதிவேட்டிலும் பன்றி நோய் கால்நடை மருத்துவர் குறிப்பிலும் தனித்தனியே இருந்தவரை இரண்டும் ஒன்றே என்பது வெளிப்படவில்லை.

காரணி கண்டறியப்படல்

1999 மார்ச் தொடக்கத்தில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நுண்ணுயிரியல் துறையைச் சேர்ந்த சுவா காவ் பிங், சுங்கை நிப்பா ஊரைச் சேர்ந்த நோயாளர் ஒருவரின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து ஒரு தீநுண்மியைப் பிரித்தெடுத்தார். அது வளர்த்த செல்கள் ஒன்றோடொன்று கலந்து பேருருக் கொண்டன. ஜப்பானிய மூளையழற்சித் தீநுண்மி அவ்வாறு செய்வதில்லை. சுவா அம்மாதிரியை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். கொலராடோவின் போர்ட் காலின்சிலுள்ள ஆய்வுக்கூடத்து மின்னணு நுண்ணோக்கி அதைப் பாராமிக்சோ குடும்பத்தைச் சார்ந்ததாகக் காட்டியது. பின்னர் அட்லாண்டாவிலுள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில், 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் புறநகரான ஹெண்ட்ராவில் குதிரைகளையும் அவற்றைப் பயிற்றுவித்தவரையும் கொன்ற தீநுண்மிக்கு இது நெருங்கிய உறவுடையதெனத் தெரிந்தது.

புதிய தீநுண்மிக்குச் சுங்கை நிப்பா ஊரின் பெயர் இடப்பட்டது. நிப்பா என்பது மலாய் மொழியில் உவர்நீர்க் கரையோரம் வளரும் ஒருவகைப் பனையைக் குறிக்கும். கூரை வேயவும் பதநீர் இறக்கவும் பயன்பட்ட மரம். நோய்களுக்கு இடப்பெயர் சூட்டுவதைத் தவிர்க்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது 2015இல்தான். அதற்குள் அச்சிற்றூரின் பெயர் உலக மருத்துவ நூல்களில் கொடுநோயின் பெயராக நிலைத்துவிட்டது.

அழிப்பும் பரிசோதனையும்

புதிய கணிப்பு கட்டுப்பாட்டின் இலக்கை ஒரே வாரத்தில் மாற்றியது. கொசுவின் இடத்தில் பன்றி நின்றது. பன்றிகளின் இடப்பெயர்வு நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. நோய் வட்டாரத்து ஊர்களிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர் அல்லது தாமே வெளியேறினர். பிப்ரவரி இறுதியில் தொடங்கியிருந்த அழிப்பு இராணுவத்தின் துணையுடன் விரைவுபடுத்தப்பட்டது. 1999 பிப்ரவரி 28 முதல் ஏப்ரல் 26 வரை 896 பண்ணைகளைச் சேர்ந்த 9,01,228 பன்றிகள் கொல்லப்பட்டு ஆழ்குழிகளில் புதைக்கப்பட்டன.

இவ்வெண்ணை நாள்கணக்கில் வகுத்தால் நாளொன்றுக்குப் பதினைந்தாயிரத்துக்கு மேல் வரும். இதற்கென வகுத்த முறையோ பழகிய ஆளோ நாட்டில் இல்லை. படைவீரர்கள் துப்பாக்கியால் சுட்டனர். வளர்ப்போர் ஓடிப்போன கொட்டில்களில் பசித்துக் கிடந்த பன்றிகளைக் குழிகளுக்கு ஓட்டிச்சென்றனர். வீரர்களுள் பலர் இசுலாமியர். பன்றியைத் தொடுவது அவர்கள் சமய வழக்கிற்குப் புறம்பானது. நோய்க் கட்டுப்பாட்டுப் பணி அவர்களுக்கு நோயையும் தரக்கூடியதாக இருந்தது. அழிப்பில் ஈடுபட்டோரில் 1,412 பேரின் குருதியைப் பின்னர்ப் பரிசோதித்தபோது 6 பேரிடம் நிப்பா எதிர்ப்பொருள் காணப்பட்டது. எண் சிறிது, ஆயினும் பாதுகாப்பு உடையுடன் சில வாரங்களே பணியாற்றியோரின் நிலை இதுவெனில், ஆண்டுக்கணக்கில் வெறுங்கையால் பன்றிக்கு மருந்தூட்டியும் குட்டி ஈனத் துணைநின்றும் வாழ்ந்தோரின் நிலையை ஒப்பிட்டு அறியலாம்.

தொற்று எல்லை கடந்தும் சென்றது. மார்ச் மாதத்தில் சிங்கப்பூரில் மலேசியப் பன்றிகளைக் கையாண்ட இறைச்சிக்கூடத் தொழிலாளருள் 11 பேர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். சிங்கப்பூர் மலேசியப் பன்றி இறக்குமதியை நிறுத்தியது. இத்தடை சிங்கப்பூரைக் காத்தது. மலேசியத் தொழிலின் ஏற்றுமதிச் சந்தையையோ ஒரே நாளில் மூடியது.

அழிப்பைவிடக் குறைவாகப் பேசப்பட்டாலும் கட்டுப்பாட்டின் வெற்றிக்குச் சம அளவில் காரணமானது இரண்டாம் கட்டம். நோய் வெளிப்பட்ட வட்டாரங்களை அழித்தபின், வெளியே தெரியாமல் தொற்றைச் சுமந்த பண்ணைகள் எவை என்பது அறியப்பட வேண்டியிருந்தது. இருமல் நம்பத்தக்க அடையாளமன்று என்பதை முந்தைய மாதங்கள் காட்டியிருந்தன. ஆஸ்திரேலியாவின் ஜீலோங் நகரிலுள்ள விலங்கு நல ஆய்வுக்கூடத்தின் உதவியுடன் எலைசா பரிசோதனை உருவாக்கப்பட்டு, ஈப்போவிலுள்ள கால்நடை ஆய்வு நிறுவனத்தில் செயற்படுத்தப்பட்டது. பண்ணைதோறும் 15 தாய்ப்பன்றிகளின் குருதி எடுக்கப்பட்டது. மூன்றோ அதற்கு மேலோ எதிர்ப்பொருள் காட்டினால் பண்ணை தொற்றுடையதாக அறிவிக்கப்பட்டது. நெடுநாள் பண்ணையில் வாழும் தாய்ப்பன்றியின் குருதி அப்பண்ணையின் கடந்தகாலத்தைச் சுமந்திருக்கும் என்பது தெரிவின் அடிப்படை. ஏப்ரல் முதல் ஜூலை வரை பரிசோதிக்கப்பட்ட 889 பண்ணைகளில் 50 பண்ணைகள் தொற்றுடையவை எனத் தெரிந்து, மேலும் 1,72,750 பன்றிகள் அழிக்கப்பட்டன.

இவ்வைம்பது பண்ணைகளையும் தேடிக் கண்டறியாமல் இடப்பெயர்வுத் தடையை நீக்கியிருந்தால், கிந்தாவிலிருந்து சிக்காமட்டுக்குச் சென்ற அதே வழி மீண்டும் திறந்திருக்கும். ஆகவே, பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளின் அழிப்பே நோயை ஒழித்தது என்ற பரவலான கூற்று பாதி உண்மையே. தடை, அழிப்பு, பரிசோதனை என்ற வரிசையில் முதலும் இறுதியும் இல்லாமல் நடுவிலுள்ளது நிலைத்த பயன் தந்திருக்காது. முதலாவது நடவடிக்கை மட்டும் 1998 அக்டோபரில், நோயின் பெயர் எதுவாயினும் ஆகட்டும் என்று, முன்னெச்சரிக்கையாக எடுக்கப்பட்டிருந்தால் புக்கிட் பெலாண்டோக் தப்பியிருக்க வாய்ப்புண்டு. பன்றி வளர்ப்போரிடம் விளக்கமுடியாத நோய் தோன்றும்போது பன்றியை நகர்த்தாதிருக்கக் காரணியின் பெயர் தேவையில்லை.

கொட்டிலும் மாமரமும்

தீநுண்மி பன்றிக்கு எங்கிருந்து வந்தது என்ற ஆய்வு பழந்தின்னி வௌவாலில் முடிந்தது. தியோமான் தீவில் வௌவால்களின் சிறுநீரிலிருந்தும் அவை கடித்துப்போட்ட பழத்திலிருந்தும் நிப்பாத் தீநுண்மி பிரித்தெடுக்கப்பட்டது. ஏன் 1998இல் என்பதற்கு முதலில் கூறப்பட்ட விளக்கம், 1997–98இல் இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகைமூட்டமும் வறட்சியும் வௌவால்களைக் காட்டிலிருந்து தோட்டங்களுக்குத் துரத்தின என்பது. கவர்ச்சியான இவ்விளக்கத்தைக் காலவரிசை முழுமையாகத் தாங்கவில்லை. பேராக்கில் 1997 ஜனவரியிலேயே நிப்பா நோயாளர் இருந்தமை பின்னோக்கிய ஆய்வில் தெரியவந்தது. 2012இல் வெளியான பன்னாட்டு ஆய்வு வேறொரு படத்தைத் தந்தது. தொடக்கப் பண்ணையில் தீநுண்மி ஒருமுறைக்கு மேல் நுழைந்தது. முதல் நுழைவு விட்டுச்சென்ற எதிர்ப்பாற்றல் மந்தையில் சீரின்றி நின்றதாலும், புதுக்குட்டிகள் இடைவிடாது பிறந்துகொண்டிருந்ததாலும், இரண்டாம் நுழைவு அணையாமல் நெடுநாள் எரிந்தது. சிறு பண்ணையாயின் நோய் தானே ஓய்ந்திருக்கும். இவ்விளக்கம் காட்டுத்தீயைவிடக் கொட்டிலின் அளவையும் அதன்மேல் கிளை நீட்டிய மாமரத்தையும் பொறுப்பாக்குகிறது. தொற்றுக்குப் பின் கொட்டில்களுக்கு அருகில் பழமரம் வளர்ப்பதற்குத் தடை வந்ததன் பொருள் இதுவே.

தொற்றுக்குப் பின்

1999 இறுதியில் தீபகற்பத்தில் எஞ்சியவை 829 பண்ணைகளும் ஏறத்தாழ 13 இலட்சம் பன்றிகளும். பன்றி வளர்ப்பு அரசு வரையறுத்த பகுதிகளுக்குள் ஒடுக்கப்பட்டது. புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில் அத்தொழிலுக்கு மீண்டும் இசைவு தரப்படவில்லை. இழப்பீடு வழங்கப்பட்டது, அதன் அளவு வளர்ப்போரின் கணக்கிற்கு ஈடாகவில்லை. பண்ணை உடையவர் பெயருக்கே இழப்பீட்டுப் பதிவு இருக்குமாதலால், கூலிக்கு உழைத்தோரின் இழப்பு அக்கணக்கில் இடம்பெற வழியில்லை. இந்திய வம்சாவளித் தொழிலாளரைப் பொறுத்தவரை அவர்களை வரலாற்றில் காணக்கிடைக்கும் இடம் பெரும்பாலும் மருத்துவ ஆய்வுகளின் இனவாரிப் பகுப்பே. நிலம் உடையோர் சிலர் எண்ணெய்ப் பனைக்கும் டிராகன் பழத்திற்கும் மாறினர்.

நிப்பாத் தீநுண்மி உடலை விட்டு எளிதில் நீங்குவதில்லை. உயிர் தப்பியோருள் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்து மூளையழற்சி மீண்டும் தோன்றியது. தொற்றுக் காலத்தில் லேசான காய்ச்சலோடு மீண்டவர்களிலும், அறிகுறி ஏதுமின்றி இருந்தவர்களிலும் சிலர் பின்னாளில் முதன்முறையாக அந்நோயில் வீழ்ந்தனர். 1999 மே மாதத்துடன் புதிய தொற்று நின்றதென அரசு ஏடுகள் கூறுகின்றன. மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் அத்தொற்றின் நோயாளர் அதன் பின்னரும் வந்துகொண்டிருந்தனர்.